முயல் பார்த்த பைகள்

கள்ளிமேட்டில் தை மூன்றாம் நாள் வேட்டைக்குப் போனவர்களின் பைகளில் முயல்கள் தாமாகவே ஏறி உட்கார்ந்துகொண்ட வருஷத்தில் கண்மாயில் பாதித் தண்ணீர்தான் கிடந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முயலைப் பற்றி வாயைப் பிளந்து கேட்கிறவர்கள் தண்ணீரைப் பற்றிக் கேட்க மறந்துபோகிறார்கள், கதையோ தண்ணீரில்தான் கிடக்கிறது.

முயல் ஏன் ஏறியது என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரிப் பேசுகிறவர்கள் ஊரில் நாற்பது பேர் இருக்கிறார்கள், அவர்களிடம் போங்கள்.

வழக்கம்போலத்தான் போனோம். வீட்டுக்கு ஓர் ஆளாக அறுபது பேர், முப்பது நாய், வலை, கம்பு, சாப்பாடு, வெற்றிலை. கண்மாய்க்கு அப்பால் கருவேலங்காட்டு ஓரத்தில் பைகளை இறக்கிவைத்துவிட்டு வலை கட்டிக்கொண்டிருந்தபோது புல்லுக்குள்ளிருந்து முயல்கள் வந்தன. ஓடி வரவில்லை. கல்யாண வீட்டுக்கு மொய்யோடு வருகிற சம்பந்தக்காரர்களைப்போல நிதானமாக, ஒன்றன்பின் ஒன்றாக நடந்து வந்து, ஒவ்வொரு பையிலும் மூக்கை நீட்டி, உள்ளே இறங்கி, ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, பிடிக்காவிட்டால் வெளியே வந்து அடுத்த பைக்குப் போய், பிடித்திருந்தால் காதை மட்டும் வெளியே விட்டு உட்கார்ந்துகொண்டன. ஏழு பைகளில் ஏழு முயல். நாய்கள் எங்களைப் பார்த்தன. நாங்கள் நாய்களைப் பார்த்தோம். ஒருவன் கையிலிருந்த கம்பைக் கீழே போட்டான். எங்கள் ஆச்சரியம் அவ்வளவுதான்.

தானாக வந்து மடியில் உட்கார்ந்ததைத் தின்ன மனசு வருமா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. மறுநாள் தின்றோம். ருசியில் ஒரு மாற்றமும் இல்லை.

வனக்காவலர் ஒருவர் சைக்கிளில் வந்தார். நல்ல மனுஷன். காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு, யார் அடித்தது என்றார். யாரும் அடிக்கவில்லை என்றோம். யார் பிடித்தது என்றார். யாரும் பிடிக்கவில்லை என்றோம். பிறகு எப்படி வந்தது என்றார். நடந்து வந்தது என்றோம். ஆயுதம் என்று போட்டிருந்த கட்டத்தில் வெகுநேரம் பேனாவை வைத்துக்கொண்டிருந்துவிட்டு, "பை" என்று எழுதி, அதையும் அடித்துவிட்டுப் போய்விட்டார்.

யாரும் அடிக்காத முயலை எப்படிப் பங்கு வைப்பது என்ற சிக்கல் எனக்குத்தான் வந்தது. பதினெட்டு வருஷமாக இந்த ஊரில் வேட்டைக்கறி பங்கு வைக்கிறவன் நான். ஆளுக்கு ஒரு பங்கு, நாய்க்கு அரைப் பங்கு, முதல் அடி அடித்தவனுக்குத் தலை. ஆள் அனுப்பிய வீடு தலைக்கட்டு, தலைக்கட்டுக்குக் கண்மாய்த் தண்ணீரில் ஒரு முறை. ஆம்பளை இல்லாத வீடு நாயை அனுப்பினால் நாய்ப் பங்கு உண்டு, கறி மட்டும். தண்ணீர் கிடையாது. நான் போட்ட சட்டமில்லை. ஆனால் என் கையால்தான் வைத்தேன்.

இந்த நாய்ப் பங்கை இரண்டு வருஷமாக வாங்கிக்கொண்டிருந்தவள் வெள்ளத்தாயி. புருஷன் சன்னாசி லாரி ஓட்டப் போனவன், பாலத்திலிருந்து லாரியோடு இறங்கிவிட்டான். அன்றிலிருந்து அவள் வீடு தலைக்கட்டு இல்லை. அரை ஏக்கர் மிளகாய்ச் செடிக்கு ஊருணியிலிருந்து குடம் குடமாகத் தலையில் தூக்கி ஊற்றினாள். செடிகள் குட்டையாக, கோபமாக நின்றன. வேட்டைக்குச் சிப்பாய் என்று ஒரு செவலை நாயை அனுப்புவாள். இலையில் நான் அரைப் பங்கை எடுத்து வைப்பேன். வாங்கிக்கொண்டு போவாள். ஒரு தடவைகூட ஒரு வார்த்தை பேசினதில்லை.

முயல் ஏறின மறுநாள் ஊர்க்கூட்டம். என் பையில் ஏறியது என் முயல், அதில் உனக்கென்ன பங்கு என்று ஏழு பேர் ஒரு பக்கம், அறுபது பேருக்கும் பொது என்று மிச்சப் பேர் ஒரு பக்கம். ஊர்த்தலைவர் தவசியாண்டி அம்பலம் மீசையைத் தடவினார். அவர் சாப்பாடு கொண்டுபோன தூக்குப்பையிலும் ஒரு முயல் ஏறியிருந்தது, அந்தத் தெம்பு.

"முயலே நடந்து வந்து ஆளைப் பாத்து ஏறுதுன்னா, அது சாமி கையக் காட்டி விட்ட ஆளுதானப்பா," என்றார். "அடுத்த வேட்டையில இருந்து எந்த வீட்டுப் பையில முயல் ஏறுதோ அந்த வீடுதான் தலைக்கட்டு. கண்மாயி கெடக்குற கெடையில அறுபது பேருக்கு எங்க தண்ணி பாயுறது? ஏறாதவன் வானத்தப் பாத்துக்கிற வேண்டியதுதான்."

அறுபது பேரும் அந்த ஏழில் தான் ஒருவன் என்று நினைத்துக்கொண்டதால் அறுபது பேரும் கையைத் தூக்கினார்கள். நானும் தூக்கினேன்.

அப்போது பொம்பளைகள் பக்கத்திலிருந்து வெள்ளத்தாயி எழுந்தாள்.

"எங்க வீட்டுப் பையில ஏறுனா?"

"உங்க வீட்டுல வேட்டைக்குப் போறது நாயில்ல தாயி?" என்றார் அம்பலம். "நாயி பை மாட்டுமா?"

கூட்டம் சிரித்தது. சிப்பாயும் அங்கேதான் படுத்திருந்தது, அது சிரிக்கவில்லை.

"மாட்டிவிட்டா?"

"மாட்டி அனுப்பு, வேணாங்கல. முயலு நாயி முதுகுல சவாரி வருதான்னு நாங்களும் பாக்குறோம்."

"அதையும் எழுதிக்கங்க," என்றாள் வெள்ளத்தாயி. சிரிப்பு அடங்காமலே எழுதினார்கள்.

இனி பைகளின் கதை.

பெரிய பை என்றால் நிறைய முயல் ஏறும் என்று எந்தக் கழுதை முதலில் சொன்னது என்று தெரியவில்லை. ஊர் முழுக்க அதையே பேசியது. ஏழு முயலும் ஏறியது தூக்குப்பையிலும் காய்கறிப் பையிலும்தான் என்பதைக் கண்ணால் பார்த்த அறுபது பேரும் அதை மறந்துவிட்டுப் பெரிய பைக்குப் பறந்தார்கள். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த சீமைச்சாமிதான் பை விஷயத்தில் ஊருக்கு வாத்தியார். ஒரு நோட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக வந்தான்.

"அண்ணே, உங்களுக்கு முப்பது லிட்டர் வருது."

"பை என்னடா பால்காரன் கேனா, லிட்டர்ல அளக்க?"

"அது கொள்ளளவுண்ணே. உள்ள எவ்வளவு பிடிக்குங்கிறது. ஒரு நாளு வேட்டைக்கு முப்பது, ரெண்டு மூணு நாளு காட்டுல தங்குனா அறுபது. பட்டாளத்துல இப்பிடித்தான் கணக்கு."

"நம்ம வேட்டை எத்தன நாளு?"

"அரை நாளு."

"அம்பலத்துக்கு எத்தன லிட்டரு போட்டிருக்க?"

"நூறு."

"அரை நாளைக்கு நூறு லிட்டரு! தண்ணி மொண்டு வரப் போறாராக்கும்?"

அவனும் சிரித்தான், நானும் சிரித்தேன். பிறகுதான் சொன்னான், அளவு அவன் போட்டதில்லையாம், கோயிலில் யாருக்கு முதலில் திருநீறோ அவருக்கு நூறு, அடுத்தவருக்குத் தொண்ணூறு, அப்படியே இறங்கி இறங்கிக் கடைசித் தெருவுக்கு இருபது என்று அம்பலமே உட்கார்ந்து பிரித்துக் கொடுத்தாராம். முயலுக்கு எது வசதி என்று யாரும் யோசிக்கவில்லை. திருநீறு வரிசையில் தன் பை அடுத்தவன் பையைவிடச் சின்னதாகிவிடக் கூடாது, அதுதான் கவலை. எனக்கு எதுவும் வேண்டாம், என் மஞ்சப்பை போதும் என்று அனுப்பிவிட்டேன். ஊரில் புத்தியுள்ளவன் நான் ஒருத்தன்தான் என்று ஒரு நினைப்பு.

பைகள் மதுரையிலிருந்து வேன் வைத்து வந்து இறங்கின. நெஞ்சுக்கு ஒரு பெல்ட், இடுப்புக்கு ஒரு பெல்ட், எதற்கென்று தெரியாத பதினாலு ஜிப்பு, மழை பெய்தால் ஒரு சொட்டு உள்ளே போகாது என்று ஒரு சீட்டு. மாட்டிப் பழக வேண்டும் என்று சீமைச்சாமி சொன்னானாம், உடனே ஊரே மாட்டிக்கொண்டு திரிய ஆரம்பித்தது, டீக்கடைக்குப் பை, கொல்லைக்குப் பை, காதுகுத்துக்குப் பை, அம்பலம் நூறு லிட்டரை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தால் பின்னால் வருகிறவனுக்கு இரண்டு கால்களும் ஒரு பையும்தான் போவதாகத் தெரியும், அவருக்கு எதிரே வந்த மாடுகள் ஒதுங்கி நின்றன, இழவு வீட்டுக்கும் அப்படியே போய், பைகளை இறக்கிவைக்கத் திண்டாடி, கடைசியில் பிணத்தை வாசல் பக்கம் நகர்த்தி இடம் பண்ணினார்கள். செத்தவரும் முப்பத்தைந்து லிட்டர் வாங்கியிருந்தவர்தான். பையோடு புதைக்கலாமா என்றுகூட ஒரு பேச்சு வந்தது.

மார்கழியில் ஒரு நாள் வெள்ளத்தாயி தலையில் குடத்தோடு வழியில் நின்றாள்.

"மாமா, முயலுக்கு என்ன அளவுல பை தைக்கணும்?"

மூன்று வருஷத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு. எனக்கு அவசரமும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆனாலும் எரிச்சலாக வந்தது.

"முயலப் போய்க் கேளு," என்றேன்.

போய்க் கேட்டாள்.

முயல் வளை தோண்டாது. புல்லை அழுத்தி, மண்ணைச் சீய்த்து, தன் உடம்பு பதிகிற அளவுக்கு ஒரு குழி பண்ணி அதில் படுத்துக்கொள்ளும். அது எழுந்து போன பிறகு பார்த்தால் அதன் அளவு அப்படியே அங்கே கிடக்கும். இது இந்த ஊரில் வேட்டைக்குப் போகிற எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மேய்ச்சல் காட்டில் அவள் முழங்காலிட்டு, குனிந்து, ஒவ்வொரு குழியாகக் கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்ததை, பக்கத்தில் சிப்பாய் காவலுக்கு நிற்க ஒரு குழியிலிருந்து அடுத்த குழிக்கு அவள் தவழ்ந்து போனதை, நான் பத்து நாள் தூரத்திலிருந்து பார்த்தேன். புருஷன் போன துக்கம் மண்டைக்கு ஏறிவிட்டது என்று முடிவுசெய்துகொண்டேன்.

தை மூன்றாம் நாள் வந்தது.

கருவேலங்காட்டு ஓரத்தில் பைகளைத் திருநீறு வரிசைப்படி வைத்தார்கள். நூறு, தொண்ணூறு, எண்பது என்று இறங்கி, தூரத்தில் பார்த்தால் ஏதோ கட்டடம் கட்டுகிற மாதிரி இருந்தது. கடைசியில் என் மஞ்சப்பை. அதற்கும் அப்பால், வரிசையில் சேராமல், முதுகில் ஒரு உறையோடு சிப்பாய். வெளியே உரச்சாக்கு, உள்ளே பழைய சேலை, வயிற்றைச் சுற்றி ஆட்டுக்கயிறு. நாய்க்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும், யார் முகத்தையும் பார்க்கவில்லை.

முயல்கள் வந்தன. போன வருஷத்தைவிட நிதானமாக வந்தன. நூறு லிட்டருக்குள் ஒன்று இறங்கியது. உள்ளே அது நடக்கிற சத்தம் கேட்டது, நின்றது, திரும்பி நடந்தது, வெகுநேரம் கழித்து வழி விசாரித்து வந்ததுபோல வேறு ஜிப்பு வழியாக வெளியே வந்து அம்பலத்தை ஒரு பார்வை பார்த்தது. தொண்ணூறில் ஏறியது தொண்ணூறில் இறங்கியது. எண்பதைச் சுற்றி வந்து ஒன்று மோந்து பார்த்துத் தும்மியது. ஒவ்வொரு பையாக ஏறி, இறங்கி, தலையை ஆட்டி, ஒன்றோடொன்று மூக்கை உரசி என்னமோ பேசிக்கொண்டு வரிசை முழுக்க வந்தன. அறுபது பேர் மூச்சுப் பிடித்து நின்றார்கள். என் மஞ்சப்பைக்கு ஒன்று வந்தது. ஒரு காலை உள்ளே வைத்தது. துணி துவண்டு அதன் காதில் விழுந்தது. காலை எடுத்துவிட்டது.

பிறகு அது சிப்பாயிடம் போனது.

நாய் நடுங்கியது. முயல் நடுங்கவில்லை. முன்னங்கால்களை நாயின் விலாவில் வைத்து எட்டி உள்ளே பார்த்தது, ஏறியது, ஒரு சுற்றுச் சுற்றியது, காதை வெளியே விட்டு உட்கார்ந்தது. சிப்பாய் கண்ணை மூடிக்கொண்டது. மற்ற முயல்கள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் புல்லுக்குள் திரும்பிப் போய்விட்டன.

"இது செல்லாது," என்றான் சீமைச்சாமி. முயலைக் காதைப் பிடித்துத் தூக்கி அம்பலத்தின் பையில் போட்டு ஜிப்பை இழுத்தான். உள்ளே கொஞ்சம் அமைதி. பிறகு ஜிப்பு தானே திறந்தது, முயல் இறங்கி நடந்துபோய் நாயின் மேல் ஏறிக்கொண்டது. மறுபடி தூக்கினான். மறுபடி போனது. மூன்றாவது தடவை அவன் விரலைக் கடித்துவிட்டுப் போனது.

"விட்டுத் தொலைடா," என்றார் அம்பலம். தன் பையின் மேலேயே உட்கார்ந்தார். வெறும் பை, அப்படியே அமுங்கித் தரையில் கொண்டுபோய் விட்டது.

நாய் முன்னால் வர, காலிப் பைகளோடு அறுபது பேர் பின்னால் வந்தோம். ஊர் எல்லைக் கல்லில் வெள்ளத்தாயி உட்கார்ந்திருந்தாள். உறைக்குள் எட்டிப் பார்த்தாள். முயல் இருந்த இருப்பில் சுற்றி ஒரு விரல் விட்டுப் பார்த்தாள்.

"ஒண்ணரைச் சாணு சரியாத்தான் இருக்கு," என்றாள். யாரிடமும் சொல்லவில்லை. நாயிடம் சொன்னாள்.

அந்த முயலை அவள் குழம்பு வைத்தாள். யாரும் கண்ணைக் கசக்க வேண்டாம். சிப்பாய்க்கு ஒரு முழுப் பங்கு போட்டாள் என்று கேள்வி.

மறுநாள் மடைத் திறப்பு அவள் கையில். ஊரில் ஒரே தலைக்கட்டு அவள்தான். எழுதியது நாங்கள், கையைத் தூக்கியது நாங்கள். மூன்று வருஷம் குட்டையாக நின்ற மிளகாய்ச் செடி அந்தப் போகத்தில் இடுப்பு உயரத்துக்கு வந்து காய்த்தது. எங்கள் செடிகள் வாடின. எட்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு ஊரே மடைக்கரைக்குப் போனோம். பழக்க தோஷம், பைகளை மாட்டிக்கொண்டே போயிருந்தார்கள்.

அம்பலம் தொண்டையைச் செருமினார். "தாயி, செடி கருகுது."

"எனக்கும் மூணு வருஷமா கருகுச்சு மாமா."

"அது ஊர் வழக்கம்."

"இதுவும் ஊர் வழக்கந்தான். நீங்க எழுதுனது."

அவள் பைகளைப் பார்த்தாள். ஒவ்வொன்றாகப் பார்த்தாள், முயல்கள் பார்த்த மாதிரியே.

"நான் தண்ணி இல்லைன்னு சொல்லல. இதெல்லாம் லிட்டரு போட்ட பைதான? ஒரு சொட்டு உள்ள போகாதுன்னா ஒரு சொட்டு வெளியவும் போகாது. உங்க உங்க பையில எவ்வளவு பிடிக்குமோ அவ்வளவு மொண்டுக்கிட்டுப் போங்க. வாய்க்கால்ல விட மாட்டேன்."

மொண்டார்கள். வேறென்ன செய்வார்கள்? தை முழுக்க, மாசி முழுக்க, காலையிலிருந்து வெயில் சாயும் வரை, நெஞ்சுப் பெல்ட்டும் இடுப்புப் பெல்ட்டும் கட்டிய ஆம்பளைகள் கண்மாய்க்கும் செடி நின்ற காட்டுக்கும் முதுகில் தண்ணீர் சுமந்து வரிசையாக நடந்தார்கள், பதினாலு ஜிப்பிலிருந்தும் பதினாலு விதமாக ஒழுகி வேட்டி நனைந்து பாதை சேறாகி அந்தச் சேற்றில் வழுக்கி, பெரிய பைக்காரன் பெரிய பாரத்தோடும் சின்னப் பைக்காரன் சின்னப் பாரத்தோடும் நடந்தார்கள், கடைசித் தெருக்காரர்கள் இருபது லிட்டரோடு பாட்டுப் பாடிக்கொண்டு முந்திப் போனார்கள். குறைய மொள்ள அம்பலத்துக்கு மானம் இடம் கொடுக்கவில்லை. நூறு லிட்டரையும் நிரப்பி எழுந்திருக்கப் பார்த்து, மல்லாந்து விழுந்து, பொன்வண்டு மாதிரி கையைக் காலை ஆட்டிக்கொண்டு கிடந்தார். நாலு பேர் நிமிர்த்தினார்கள். மறுநாளும் நிரப்பினார்.

நான் பார்த்துச் சிரித்தேன். பிறகு என் முறை வந்தது. மஞ்சப்பையைத் தண்ணீரில் முக்கித் தூக்கினேன். நாலு எட்டு வைப்பதற்குள் காலி.

"மாமா, அதுல நிக்காது," என்றாள் மடைமேல் இருந்து.

"தெரியும்."

"நாய்ப் பங்கு தரட்டுமா?"

சுற்றி எல்லோரும் முதுகுப் பாரத்தோடு நின்று பார்த்தார்கள். என் செடிகள் அங்கே கருகிக்கொண்டிருந்தன. தலையை ஆட்டினேன். ஓர் ஆளுக்குரிய முறையில் பாதி நேரம் என் வாய்க்காலில் தண்ணீர் விட்டாள், பாதி வந்ததும் மடைப் பலகையை இறக்கினாள். வாக்குத் தவறவில்லை, ஒரு கை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பதினெட்டு வருஷமாக அந்த அளவை வைத்தவன் நான், என் கைக்குத் தெரியாத அளவா. என் காட்டில் வரப்புக்கு இந்தப் பக்கம் காய்த்தது, அந்தப் பக்கம் சருகானது. சருகு மொடமொடவென்று காற்றில் பேசும் சத்தம் வீடு வரைக்கும் கேட்டது.

பங்குனியில் ஒரு நாள் அவளை வழியில் பார்த்தேன். தலையில் குடம் இல்லை. சும்மா போய்க்கொண்டிருந்தாள். போனவளை நிறுத்தினேன்.

"தாயி, அந்தப் பைக்கு எந்தக் குழியில அளவு எடுத்த?"

என்னைப் பார்த்தாள்.

"முயலப் போய்க் கேளுங்க மாமா," என்றாள்.

போனேன். இந்த முழங்காலை வைத்துக்கொண்டு மேய்ச்சல் காட்டில் குனிவது லேசான காரியமில்லை. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, ஒருத்தரும் இல்லை என்று தெரிந்துகொண்டு, மெதுவாக மண்டியிட்டு, புல்லை விலக்கி, குழிக்குள் கையைச் சாணாக விரித்து வைத்தேன். குழி இன்னும் சூடாக இருந்தது.